கொன்ஸ்தான்சா: கரீபியன் தீவில் பனி விழுமா?

கேள்வி, 9 ஜனவரி, காலை 7.12

"கரீபியன்னா தென்னமரம், கடல், ரம், கிரிக்கெட். ஆனா டொமினிக்கன் குடியரசுல கொன்ஸ்தான்சான்னு ஒரு ஊரு, பள்ளத்தாக்குக்குள்ள இருக்கு, அங்க பனி விழுது, அது ஒரு எரிமலை வாய், ஊர்ல பாதிப்பேர் ஜப்பான்காரங்கன்னு ஒரு வீடியோவுல சொல்றாங்க. நம்பலாமா? யாராச்சும் போயிருக்கீங்களா?"

9 ஜனவரி, இரவு 9.40

போயிருக்கிறேன், ஆறு தடவை. 2014 முதல் 2017 வரை தலைநகர் சான்டோ டொமிங்கோ பக்கம் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் குவாலிட்டி பார்த்தேன். திருப்பூரில் பார்த்த அதே வேலை, அதே டி-ஷர்ட், ஓவர்லாக் சத்தம்கூட அதேதான். திட்டு மட்டும் ஸ்பானிஷில் விழும். கட்டிங்கில் இருந்த ஒரு பையனுக்கு அம்மா ஊர் கொன்ஸ்தான்சா. அவன்தான் முதலில் கூட்டிப்போனான்.

அவசரத்துக்கு: பனி உண்டு, நீங்கள் நினைக்கிற பனி இல்லை. எரிமலை வாய் இல்லை. ஜப்பான்காரர்கள் உண்டு, பாதி ஊரெல்லாம் இல்லை. கிரிக்கெட் சுத்தமாகக் கிடையாது. அது இங்கிலீஷ் பேசும் தீவுகளோடு சரி, இங்கே பேஸ்பால் பைத்தியம்.

விவரம் நாளைக்கு. கண் சொருகுகிறது.

10 ஜனவரி, இரவு 10.05

பனி விஷயம். குழப்பம் நம் மொழியில் இருக்கிறது. மூடுபனியும் பனி, புல்லில் நிற்கும் துளியும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. கொன்ஸ்தான்சாவில் வானத்திலிருந்து வெள்ளையாக எதுவும் கொட்டாது. உறைபனிதான். ஊரில் அதற்கு எஸ்கார்ச்சா என்று பெயர். டிசம்பர் கடைசி தொடங்கி பிப்ரவரி வரை, மேகமில்லாத இரவு வாய்த்தால் விடியும்போது புல்நுனியெல்லாம் கல் உப்பு தூவின மாதிரி இருக்கும். செருப்போடு மிதித்தால் நொறுக்கென்று சத்தம் வரும். ஏழரை மணிக்கு வெயில் பட்டதும் ஒன்றும் நடக்காத மாதிரி வெறும் ஈரம். தலைநகரத்து ஆட்கள் இதைப் பார்ப்பதற்கென்றே கம்பளிக் குல்லாய் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி வண்டியேறுவார்கள்.

ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கணக்கில் கடற்கரையைவிட ஏழெட்டு டிகிரிதான் குறைய வேண்டும். உறைவதற்கு அது பத்தாது. மிச்ச வேலையைச் செய்வது பள்ளத்தாக்கின் வடிவம். சுற்றிலும் மலை, நடுவில் சோற்றுத் தட்டு மாதிரி தட்டையான தரை. ராத்திரி மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய், தண்ணீர் மாதிரி கீழே வழிந்து தட்டின் அடியில் தேங்கிவிடும். அதனால் சரிவில் பாதி உயரத்தில் இருக்கிற வீட்டைவிட, கீழே வயலில் இருக்கிற உருளைக்கிழங்குச் செடிக்குத்தான் குளிர் அதிகம். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பதை நான் திருப்பூரில் நம்பியதில்லை, இங்கே கண்ணால் பார்த்தேன்.

10 ஜனவரி, இரவு 10.31

எரிமலை வாய் எப்படி வந்தது என்று இப்போதுதான் உறைத்தது. பள்ளத்தாக்குக்கு ஸ்பானிஷில் 'வாயே'. வாயே தே கொன்ஸ்தான்சா. அந்த வீடியோக்காரர் நம்மாளாக இருந்து, 'வாயே' என்பதை வாய் என்று எடுத்துக்கொண்டிருந்தால் நான் மன்னித்துவிடுகிறேன்.

ஆனால் முழுப் பொய்யும் இல்லை. ஊருக்குத் தெற்கே வாயே நுவேவோ என்ற உயர்ந்த பீடபூமி இருக்கிறது, 2,200 மீட்டருக்கு மேல். அந்தப் பக்கம் எரிமலைப் பாறை நிஜமாகவே உண்டு. நிலவியல்காரர்கள் கணக்கில் அது நேற்று நடந்தது, மனிதக் கணக்கில் லட்சக்கணக்கான வருஷம். கொன்ஸ்தான்சா ஊர் அந்த வாய்க்குள் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்தில் கரீபியனிலேயே உயரமான மலையும் இருக்கிறது: பீக்கோ துவார்த்தே, 3,175 மீட்டர்.

11 ஜனவரி, காலை 6.50

திருத்தம். 3,175 என்று எழுதியதற்கு ஒருவர் தனிச்செய்தியில் காதைத் திருகிவிட்டார். சரிதான். 3,175 பழைய அட்லஸ்களில் இருக்கும் எண். பிறகு அளந்ததில் 3,087 என்றார்கள், இப்போது பெரும்பாலும் 3,098 என்று போடுகிறார்கள். சர்வாதிகாரி துருஹியோ காலத்தில் அந்தச் சிகரத்தின் பெயர் பீக்கோ துருஹியோ. தலைநகரத்துக்கே சியுதாத் துருஹியோ என்று தன் பெயரை வைத்துக்கொண்ட ஆள், மலையை விடுவாரா? அவர் போனதும் மலைக்கு விடுதலைத் தலைவர் துவார்த்தேயின் பெயர் வந்தது. உயரமும் குறைந்தது.

11 ஜனவரி, இரவு 9.15

எப்படிப் போவது என்று கேட்டவருக்கு. தலைநகரிலிருந்து சுமார் 140 கி.மீ. நெடுஞ்சாலையில் வடக்கே போனால் போனாவோ தாண்டி எல் அபானிக்கோ என்ற பிரிவு. அங்கே இடதுபக்கம் திரும்பினதிலிருந்து ஏற்றம்தான். வண்டி நகர நகரக் காது அடைக்கும். உச்சியில் கசாபீத்தோ என்ற இடத்தில் ரோட்டோரம் மாதாவுக்கு ஒரு சிறு கோயில் உண்டு. அந்த ஊர் மினிபஸ்ஸுக்கு குவாகுவா என்று பெயர். கசாபீத்தோவில் குவாகுவா டிரைவர் பாட்டை நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டு, ஹெட்லைட் போடுவார். முன்னால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது.

அந்த மூடுபனிக்குக் காரணம் வடகிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று. கடலிலிருந்து வந்து இந்த மலையில் முட்டி மேலேறும்போது மேகமாகிறது. அங்கேயே காடும் அதற்கேற்ற மாதிரி: மரமெல்லாம் பாசி, கிளையெல்லாம் ஆர்க்கிட். எபானோ வெர்தே என்ற ஒரு மக்னோலியா மரம் உலகத்திலேயே இந்தத் தீவில்தான். அதைக் காப்பாற்ற 1989-இல் அந்தக் காட்டை ஒதுக்கி அதன் பெயரையே வைத்தார்கள். கசாபீத்தோ தாண்டி இறங்கினால் மழை பின்னாலேயே நின்றுவிடும். பள்ளத்தாக்கில் வெயில், காய்ந்த புல், பைன் மரம். ஒரே மலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாடு மாதிரி.

முதல் தடவை அந்த இறக்கத்தில் திரும்பியபோது கீழே கட்டம் கட்டமாக வயல்களைப் பார்த்தேன். கட்டிங் டேபிளில் துணிமேல் மார்க்கர் தாள் விரித்த மாதிரி இருந்தது. இது தொழில்நோய், விடுங்கள்.

12 ஜனவரி, மாலை 4.20 (ஞாயிறு, நீளமாக எழுதுகிறேன்)

ஜப்பான்காரர்கள் கதைக்கு வருகிறேன். இதற்கு 1937-இலிருந்து தொடங்க வேண்டும்.

ராஃபயேல் துருஹியோ 1930 முதல் 1961 வரை அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தவர். அதே தீவின் மேற்குப் பக்கம் ஹைட்டி என்ற நாடு. 1937 அக்டோபரில் எல்லைப்புறத்தில் ஹைட்டியர்களைக் கொல்லச் சொன்னார். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். எத்தனை ஆயிரம் என்று இன்றுவரை ஒத்த கணக்கு இல்லை. 'பெரெஹில்' என்ற கீரையின் பெயரைச் சொல்லச் சொல்லி, நாக்கில் 'ர' உருளாதவர்களைத் தனியே பிரித்தார்கள் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் மண்டையில் ஏறிய யோசனை, ஹைட்டியர் இல்லாத நிலத்தில் வெளிநாட்டுக் குடியானவர்களைக் கொண்டுவந்து நடுவது. அதிலும் வெள்ளைத் தோல் என்றால் இரட்டை மகிழ்ச்சி. தான் கறுப்பு ரத்தமுள்ள பாட்டிக்குப் பேரன் என்பதை பவுடர் போட்டு மறைத்த மனிதர் அவர்.

1950-களில் ஸ்பெயின் விவசாயிகள் கப்பல் கப்பலாக வந்தார்கள். 1956-இல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் புகுந்ததும், அங்கிருந்து ஓடிவந்த சில நூறு பேரை அடுத்த வருஷம் வாங்கிக்கொண்டார். ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டு 1956 முதல் 1959 வரை சுமார் 1,300 பேரைக் கொண்டுவந்தார். ஜப்பானில் இதை விளம்பரம் செய்தது அந்த நாட்டு அரசாங்கமே. 'கரீபியன் சொர்க்கம்' என்றார்கள். குடும்பத்துக்கு 300 தாரேயா நிலம் என்றார்கள். தாரேயா அந்த ஊர் அளவு, சுமார் 629 சதுர மீட்டர். நம் கணக்கில் 46 ஏக்கருக்கு மேல். போருக்குப் பிந்தைய ஜப்பானில் அரை ஏக்கரில் நெல் போட்டுக்கொண்டிருந்த மூன்றாவது மகனுக்கு 46 ஏக்கர்! நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மறுநாளே கப்பலில் ஏறியிருப்பேன்.

வந்து பார்த்தால் பலருக்குக் கிடைத்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சிலருக்கு எல்லையோரத்தில் உப்புப் பூத்த மண், சிலருக்குக் கல். பட்டாவும் கிடையாது. 1961 மே 30-ஆம் தேதி துருஹியோவைச் சுட்டுக்கொன்றதும், அவர் ஆட்கள் என்று இவர்கள்மேல் கோபம் திரும்பியது. பெரும்பாலோர் ஜப்பானுக்கோ தென் அமெரிக்காவுக்கோ கிளம்பிவிட்டார்கள். தங்கியவர்கள் கால் பங்குக்கும் குறைவு. 2000-இல் டோக்கியோவில் தங்கள் அரசாங்கத்தின்மேலேயே வழக்குப் போட்டார்கள். 2006 ஜூனில் தீர்ப்பு: அரசாங்கம் செய்தது தப்புதான், ஆனால் காலம் கடந்துவிட்டது, நஷ்டஈடு இல்லை. அடுத்த மாதம் பிரதமர் கொய்சுமி மன்னிப்புக் கேட்டார். ஐம்பது வருஷம் கழித்து.

கொன்ஸ்தான்சாவுக்கு வந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தால் அதிர்ஷ்டசாலிகள். மண் நல்ல மண். ஊரில் கோலோனியா ஹப்போனேசா, கோலோனியா எஸ்பாஞோலா, கோலோனியா ஊங்கரா என்று பெயர்கள் இன்னும் இருக்கின்றன. ஹங்கேரிக் குடியிருப்பில் ஹங்கேரிக்காரரைத் தேடினேன். பெட்டிக்கடை அம்மா சிரித்தார். அவர்கள் வந்த வேகத்தில் போய்விட்டார்களாம், பெயரை மட்டும் விட்டுவிட்டு.

12 ஜனவரி, இரவு 8.02

கொன்ஸ்தான்சா என்ற பெயர் எங்கிருந்து என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரில் சொல்லும் கதை, அது ஒரு தைனோ தலைவனின் மகளுடைய பெயர் என்பது. கொலம்பஸுக்கு முன்னால் அங்கே இருந்த மக்கள் தைனோ. தைனோ பெண்ணுக்கு ஏன் அச்சு அசல் ஸ்பானிஷ் பெயர் என்று கேட்டேன், கட்டிங் பையன் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

தைனோக்கள் இருந்ததற்குப் பெயரைவிட நல்ல சாட்சி உண்டு. லா குலாத்தா பக்கம் மலையில் பியெத்ராஸ் லெத்ராதாஸ் என்று ஒரு பாறைமறைவு. எழுத்துக் கற்கள் என்று அர்த்தம், உண்மையில் எழுத்து இல்லை, முகங்கள். இரண்டு குழி கண், ஒரு குழி வாய், சுற்றி ஒரு வட்டம். குழந்தை வரைந்த மாதிரி. மழைநீர் வழிந்து சில முகங்கள் அழுகிற மாதிரி இருந்தன. அங்கே மட்டும் நான் போட்டோ எடுக்கவில்லை, ஏனென்று தெரியவில்லை.

1851-இல் ராபர்ட் ஷோம்பர்க் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து பழைய தைனோ புதைகுழிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் கயானாவுக்கு எல்லைக்கோடு போட்ட அதே ஆள். இங்கே பிரிட்டிஷ் கான்சலாக இருந்தார், பிறகு பாங்காக்குக்கு மாற்றல். என்னைவிட மோசமாக ஊர்சுற்றியிருக்கிறார்.

14 ஜனவரி, இரவு 11.10

மேலே ஒருத்தர், "இவ்வளவு மூலையில இருக்கிற ஊர்ல வரலாறுன்னு என்ன பெருசா நடந்திருக்கும்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, அந்த நாட்டின் வரலாறு திரும்பியதே அந்த ஊர் ஓடுபாதையில்தான்.

1959 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். டொமினிக்கன் விமானப்படையின் அடையாளம் தீட்டிய ஒரு சி-46 விமானம் கொன்ஸ்தான்சாவில் இறங்குகிறது. தங்கள் விமானம்தானே என்று காவலில் இருந்தவர்கள் பார்க்கிறார்கள். உள்ளே இருந்து இறங்கியது துருஹியோவைக் கவிழ்க்க கூபாவிலிருந்து வந்த 54 பேர். தலைவர் என்ரிக்கே ஹிமெனெஸ் மோயா, டொமினிக்கன்காரர், கூபாவில் காஸ்ட்ரோவோடு மலையில் சண்டை போட்டவர். துணைக்கு கூபாக்காரர் தேலியோ கோமெஸ் ஓச்சோவா. காஸ்ட்ரோ ஹவானாவைப் பிடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மலை, விவசாயி, துப்பாக்கி: அங்கே பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று நினைத்தார்கள்.

பலிக்கவில்லை. விமானம் திரும்பிப் போய்விட்டது. இவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து மலையேறினார்கள். ஆறு நாள் கழித்து வடக்குக் கடற்கரையில் மைமோனிலும் எஸ்தேரோ ஓந்தோவிலும் படகில் மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் 198 பேர். மலையில் விமானம் குண்டு போட்டது, கீழே ராணுவம் வளைத்தது. விவசாயிகள் கிளர்ந்தெழுவார்கள் என்ற நம்பிக்கை என்ன ஆயிற்று? தலைக்கு விலை அறிவித்திருந்தார்கள். பயமும் இருந்தது. காட்டிக்கொடுத்தவர்களும் உண்டு, கத்தியோடு தேடப் போனவர்களும் உண்டு. பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். உயிரோடு மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணலாம். கோமெஸ் ஓச்சோவா அதில் ஒருவர்.

ஆனால் தேதி மிஞ்சியது. அடுத்த வருஷம் ஜனவரியில் உள்நாட்டில் ரகசியமாகக் கூடியவர்கள் தங்கள் இயக்கத்துக்கு 'ஜூன் 14' என்று பெயர் வைத்தார்கள். அதில் இருந்தவர்கள்தான் மினெர்வா மிராபால், அவர் கணவர் மனோலோ தவாரெஸ், தங்கை மரியா தெரேசா. 1960 நவம்பர் 25-ஆம் தேதி மினெர்வாவையும் இரண்டு சகோதரிகளையும் ரோட்டில் மறித்து அடித்துக் கொன்று, விபத்து மாதிரி ஜீப்பைப் பள்ளத்தில் உருட்டினார்கள். வருஷாவருஷம் நவம்பர் 25-ஐப் பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள் என்று நம் ஊர்க் கல்லூரிகளிலும் பேனர் கட்டுகிறார்களே, அந்தத் தேதி இதுதான். ஐ.நா. 1999-இல் அறிவித்தது. அந்தக் கொலைக்கு ஆறே மாதத்தில் துருஹியோவும் முடிந்தார்.

கட்டிங் பையனின் அம்மாச்சிக்கு 1959-இல் பத்துப் பன்னிரண்டு வயது இருந்திருக்கும். விமானத்தைப் பார்த்தாரா என்று அவனிடம் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் போடுகிறேன்.

15 ஜனவரி, காலை 7.05

"அந்த விமானத்தில் கொரில்லாப் படை வந்தது ஜப்பான்காரர்களுக்கு உதவவா?" இல்லை. இல்லவே இல்லை. இரண்டு கதையையும் நான் அடுத்தடுத்து எழுதியது என் தப்பு.

17 ஜனவரி, இரவு 9.50

வாயே நுவேவோவில் மாட்டிய கதை.

கொன்ஸ்தான்சாவிலிருந்து தெற்கே சான் ஹோசே தே ஓக்கோவாவுக்கு மலைமேல் ஒரு பாதை போகிறது. மேப்பில் பார்த்தால் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம், நான் போட்ட கணக்கு மூன்று மணி நேரம். வாடகைக்கு எடுத்த பிக்கப்பின் பின்சக்கரத்தில் டயர் பனியன் துணி மாதிரி வழுவழுவென்று இருந்ததைக் கிளம்பும்போதே பார்த்தேன். குவாலிட்டி செக்கர் நான்! ரிஜெக்ட் பண்ணாமல் ஏறி உட்கார்ந்தேன், இதில் யாரைத் திட்டுவது?

ஏற ஏற விளைநிலம் மறைந்து பைன் காடு. அந்தத் தீவுக்கே உரிய பைன் அது, அடியில் நம் விழல் மாதிரி முரட்டுப் புல் திட்டுத்திட்டாக. உச்சிப் பக்கம் ரோட்டோரத்தில் லா பிரமிதே என்று ஒரு சின்னக் கல் பிரமிடு. துருஹியோ காலத்தில் கட்டியது, தீவின் நட்டநடு மையம் இதுதான் என்பார்கள். அதைத் தாண்டி ஒரு சகதி வளைவில் வண்டி பக்கவாட்டில் நழுவி நின்றுவிட்டது. நாலு மணி நேரம் ஒரு வண்டி வரவில்லை. இருட்டியதும் குளிர் வந்தது பாருங்கள், டாஷ்போர்டில் இருந்த துவாலையைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். கேரட் லோடு ஏற்றிய லாரி ஒன்று வந்து சங்கிலி போட்டு இழுத்தது. டிரைவர் காசு வாங்கவில்லை. டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

18 ஜனவரி, இரவு 10.20

பிரமிடு பற்றி ராத்திரி யோசித்தேன். தீவு மேற்கு 68.3-இலிருந்து 74.5 பாகை வரை. பாதி 71.4. பிரமிடு இருப்பது 70.6 பக்கம். ஆக நேர்பாதி என்று பார்த்தால் மையம் இன்னும் எண்பது கிலோமீட்டர் மேற்கே போய்விடும். கிழக்குப் பாகம் அகலம், மேற்கில் நீளமான வால்கள், பரப்பளவை வைத்துக் கணக்குப் போட்டால் மையம் கிழக்கே நகரும். அப்படியும் பிரமிடு வரை வந்து சேருமா என்பது எனக்குச் சந்தேகம்தான். சிகரத்துக்கே தன் பெயரை வைத்த ஆட்சியில் மையம் கொஞ்சம் நகர்ந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதே மலைகளில், ஓக்கோவா பக்கம், 1973 பிப்ரவரியில் கர்னல் கமாஞோவும் கொல்லப்பட்டார். 1965-இல் தலைநகரில் அமெரிக்கப் படை இறங்கியபோது எதிர்த்து நின்றவர். கூபாவிலிருந்து ஒருபிடி ஆட்களோடு படகில் வந்து, மலையேறி, இரண்டே வாரத்தில் முடிந்தார். பதினாலு வருஷம் முன்னால் கொன்ஸ்தான்சாவில் என்ன ஆனது என்று தெரிந்தும் வந்தவர். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

21 ஜனவரி, இரவு 9.30

12-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

ஹைட்டியரைத் தள்ளிவைக்க ஜப்பானியரையும் ஸ்பானியரையும் நட்ட கதையைச் சொன்னேன். இன்று அந்த வயலில் குனிந்து நிற்பது யார் என்று சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு ஊர்ப் பூங்கா மூலையில் நின்று பாருங்கள். தலையை மூடிய ஜாக்கெட்டோடு இளைஞர்கள் கூட்டமாக நிற்பார்கள், பேச்சு முழுக்க ஹைட்டி மொழியான கிரெயோல். பிக்கப் வரும், விரலால் எண்ணி ஏற்றிக்கொண்டு போகும். பூண்டு பிடுங்குவது, உருளைக்கிழங்கு கிளறுவது, மருந்து அடிப்பது எல்லாம் பெரும்பாலும் ஹைட்டியர்கள். பாதிப்பேரிடம் காகிதம் இல்லை, கெடுபிடி நாட்களில் பூங்கா காலியாக இருக்கும், அந்த வாரம் முதலாளிகள் அழுவார்கள். ஸ்ட்ராபெரி விற்கிற டொமினிக்கன் அம்மா என்னிடம் ஹைட்டியர்களைப் பற்றிப் பத்து நிமிஷம் குறை சொன்னார். சொல்லிக்கொண்டே இருக்கும்போது அவர் தோட்டத்துப் பையன் கூடையோடு வந்தான். "என் பிள்ளை மாதிரி" என்று அறிமுகப்படுத்தினார். திருப்பூரில் வடமாநிலப் பையன்களைப் பற்றி நாங்கள் பேசாத பேச்சா? வாயை மூடிக்கொண்டு ஸ்ட்ராபெரி தின்றேன்.

23 ஜனவரி, இரவு 8.45

பூண்டு விலை கேட்டவருக்கு. விலை சொல்லமாட்டேன், அது வாரத்துக்கு வாரம் மாறும். சண்டை மட்டும் மாறாது. அந்த நாடு 1990-களின் கடைசியில் உலக வர்த்தக அமைப்பில் போராடி எட்டுப் பொருளுக்குத் தனிப் பாதுகாப்பு வாங்கியது: அரிசி, சர்க்கரை, சோளம், பீன்ஸ், வெங்காயம், பூண்டு, கோழி, பால்மாவு. ஒரு அளவு வரைக்கும் குறைந்த வரியில் இறக்குமதி, அதற்கு மேல் வந்தால் கடும் வரி. அதற்கான பெர்மிட் யாருக்கு, எப்போது என்பதில்தான் எல்லா வயிற்றெரிச்சலும். கொன்ஸ்தான்சாவில் பூண்டு பிடுங்கிக் காயப்போட்டிருக்கிற மாதத்தில் துறைமுகத்தில் சீனப் பூண்டு இறங்கினால் முடிந்தது கதை. சீனப் பூண்டு வெள்ளைவெளேரென்று பெரிதாக இருக்கும். கொன்ஸ்தான்சாப் பூண்டு தலை சின்னது, தோல் லேசாக ஊதா, உரித்தால் விரலில் இரண்டு நாள் மணக்கும். ரசத்துக்குப் போட்டுப் பார்த்தேன், அரைத் தலையே போதும்.

26 ஜனவரி, பகல் 12.15

தண்ணீரை விட்டுவிட்டேன். வாயே நுவேவோதான் அந்த நாட்டின் குடம். யூனா ஆறு அங்கிருந்து கிழக்கே சமானா விரிகுடாவுக்குப் போகிறது. நிசாவோ தெற்கே இறங்கி வல்தேசியா அணையை நிரப்புகிறது, தலைநகர் குடிக்கிற தண்ணீரில் ஒரு பெரிய பங்கு அங்கிருந்து. கொன்ஸ்தான்சா பள்ளத்தாக்கின் தண்ணீர் யாக்கே தெல் சூர் ஆற்றோடு சேர்ந்து தென்மேற்கே, தரை வறண்டு வெடித்த பக்கம் போகிறது. தலைநகரில் என் அறையில் குழாய் காற்று விட்டால் மேலே மழை இல்லை என்று அர்த்தம் என்பார் வீட்டுக்காரம்மா.

அந்தக் குடத்தின் விளிம்பிலேயே காட்டை வெட்டி உருளைக்கிழங்கு, கேரட் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1996-லேயே தேசியப் பூங்கா ஆக்கிய இடம். 2016, 2017-இல் அரசாங்கம் எல்லாரையும் வெளியேற்றியது. அப்போது நான் அங்கே. கடைத்தெருவில் ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. பெரிய முதலாளிகள் லாரி லாரியாகப் பயிர் எடுத்தபோது யாரும் கேட்கவில்லை, எங்கள் நாலு தாரேயா கண்ணில் படுகிறதா என்றார்கள் சின்ன விவசாயிகள். நியாயம்தான். தலைநகரத்தில் குழாய் திறந்தால் அரசாங்கம் செய்ததும் நியாயமாகத் தெரிந்தது. இந்த இரண்டில் எதையும் என்னால் விட முடியவில்லை.

28 ஜனவரி, இரவு 10.40

"குளிருக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்?" ஸ்வெட்டர் போதும் ஊருக்குள். வாயே நுவேவோவுக்கு நல்ல டயர்.

2 பிப்ரவரி, இரவு 9.05

கட்டிங் பையன் பதில் போட்டுவிட்டான். இப்போது அவன் சூப்பர்வைசர். குரல் செய்தியில் அம்மாச்சியே பேசியிருக்கிறார். மூன்று தடவை கேட்டேன், பல் போன ஸ்பானிஷ், பின்னால் கோழி வேறு.

விமானத்தை அவர் பார்க்கவில்லையாம். சத்தம் கேட்டதா என்றால், விமானச் சத்தம் ஒன்றும் புதிதில்லை என்கிறார். துப்பாக்கிச் சத்தமும் அவர் நினைவில் இல்லை. நினைவில் இருப்பது பீன்ஸ். காய் முற்றி நின்றதாம், ராணுவம் யாரையும் வயலுக்கு விடவில்லையாம். பல நாள் கழித்து விட்டபோது காய் எல்லாம் வெடித்து விதை மண்ணில் கிடந்திருக்கிறது. அவரும் தங்கையும் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறார்கள். அவருடைய அப்பா பக்கத்தில் நின்று, "மலைப் பக்கம் பார்க்காதே, கீழே பார்த்துப் பொறுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.